சொல்லாமல் விட்டவை: ஓசுவின் குடும்பப் படங்களைப் பார்ப்பது எப்படி?

ஒரு வயதான கணவரும் மனைவியும் நெடும்பயணத்துக்குச் சாமான் எடுத்து வைக்கிறார்கள். காற்றடைத்த தலையணையைக் காணோம். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் கணவர். என்னிடம் இல்லையே என்கிறார் மனைவி. இல்லை, உன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அவர் சாதிக்கிறார். நடுவில் அடுத்த வீட்டு அம்மாள் சன்னல் வழியே எட்டிப் பார்த்து, டோக்கியோவுக்கா, பிள்ளைகள் எல்லாம் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள், கொடுத்துவைத்தவர்கள் நீங்கள் என்று சொல்லிப் போகிறார். அதன் பிறகு பெரியவர் தம் பையையே மறுபடி துழாவுகிறார். தலையணை அங்கேதான் இருக்கிறது. இதோ இருக்கிறதே என்கிறார். அந்த அம்மாள் ஒன்றும் சொல்வதில்லை. மேலே மூட்டை கட்டுகிறார்.

1953 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'டோக்கியோ மொனோகதாரி', அதாவது 'டோக்கியோ கதை' என்னும் படம் இப்படித் தொடங்குகிறது. இயக்கியவர் யசுஜிரோ ஓசு. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒரு முறை உலகத் திரைப்படங்களைப் பற்றி வாக்கெடுப்பு நடத்துகிறது. 2012-ஆம் ஆண்டு இயக்குநர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் இந்தப் படத்துக்கே முதலிடம் கிடைத்தது. ஆனால் இதைப் பார்த்த நம் நண்பர்கள் பலரிடம் கேட்டுப் பாருங்கள். 'நல்ல படம்தான், ஆனால் ஒன்றுமே நடக்கவில்லையே' என்பார்கள். நடக்கிறது. கண்ணுக்கு நேராக நடப்பதில்லை, அவ்வளவுதான். அதை எப்படிப் பார்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தென்மேற்கு ஜப்பானில், ஹிரோஷிமா மாவட்டத்தில் ஒனோமிச்சி என்றொரு சிறு துறைமுக ஊர். அங்கே வாழும் ஷுகிச்சி, தோமி தம்பதி கடைசி மகள் கியோகோவை வீட்டில் விட்டுவிட்டு, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மூத்த மகன் கோயிச்சி புறநகரில் சிறிய மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர். மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். இன்னொரு மகன் ஷோஜி போரில் போய்த் திரும்பவில்லை. எட்டு வருடம் ஆகிறது. அவன் மனைவி நோரிகோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஒற்றை அறையில் தனியாக வாழ்கிறாள். கடைசி மகன் கெய்சோ ஒசாகாவில் ரயில்வே ஊழியர். பெற்றோர் வருகிறார்கள், சில நாள் தங்குகிறார்கள், திரும்புகிறார்கள். வழியில் தாய்க்கு உடல்நலம் கெடுகிறது. ஊர் சேர்ந்த பின் இறந்துபோகிறாள். பிள்ளைகள் வந்து காரியம் முடித்துப் போகிறார்கள். தந்தை தனியாக மிஞ்சுகிறார்.

ஓசு என்ற மனிதர்

ஓசு 1903 டிசம்பர் 12-இல் டோக்கியோவில் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதாகும்போது குடும்பம் மியே மாவட்டத்தின் மத்சுசாகாவுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை மட்டும் வியாபாரத்துக்காக டோக்கியோவிலேயே தங்கிவிட்டார். பிரிந்து வாழும் குடும்பம் எப்படியிருக்கும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டவர் என்று இதைக் கொள்ளலாம். 1923-இல் ஷோச்சிக்கு ஸ்டூடியோவில் சேர்ந்தவர் கடைசி வரை பெரும்பாலும் அங்கேயே படமெடுத்தார். மொத்தம் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். குடும்பத்தைப் பற்றியே வாழ்நாள் முழுதும் படமெடுத்த இவர் மணம் செய்துகொள்ளவில்லை. தாயாருடனேயே வாழ்ந்தார். தாயார் 1962 பிப்ரவரியில் காலமானார். அடுத்த ஆண்டு டிசம்பர் 12-இல், தம் அறுபதாவது பிறந்தநாளன்று, ஓசுவும் மறைந்தார். கிடா கமாகுராவில் எங்ககு-ஜி என்னும் கோயிலில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் பெயர் இல்லை. இன்மை, வெறுமை என்று பொருள்படும் 'மு' என்ற ஓரெழுத்து மட்டுமே.

இங்கே ஒரு செய்தியை நம்மவர்களுக்காகச் சொல்ல வேண்டும். 1943-இல் ஜப்பானிய ராணுவம் ஓசுவைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி 'தில்லிக்கு, தில்லிக்கு' என்ற பொருளுள்ள தலைப்பில் ஒரு படம் எடுப்பது திட்டம். மலேயாத் தோட்டங்களிலிருந்து எத்தனை தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள் என்பது நாம் அறிந்ததே. படம் முடியவேயில்லை. ஓசு அந்த நாட்களில், கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பார்த்துப் பொழுதைக் கழித்தார். போர் முடிந்ததும் போர்க்கைதியாக இருந்து, 1946-இல் ஊர் திரும்பினார். நேதாஜி படம் மட்டும் முடிந்திருந்தால் ஓசுவின் பெயர் நம் நாட்டில் வேறு விதமாக அறிமுகமாகியிருக்கும்!

அவர் திரும்பிச் சென்ற ஜப்பான் மாறிக்கொண்டிருந்தது. பழைய சிவில் சட்டப்படி வீட்டுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. சொத்தும் பொறுப்பும் மூத்த மகனுக்கு. 1947-இல் வந்த புதிய அரசியலமைப்பும் திருத்திய சட்டமும் அந்த ஏற்பாட்டை நீக்கின. மூத்த மகன் பெற்றோரை வைத்துக் காப்பாற்றுவான் என்ற எதிர்பார்ப்பு மட்டும் மனத்தில் இருந்தது. அதைத் தாங்கிய சட்டமும் கூட்டு வீடும் போய்க்கொண்டிருந்தன. 'டோக்கியோ கதை'யில் டாக்டர் மகனின் வீட்டுக்குள் நுழையும் தாத்தா பாட்டிக்கு இடம் கொடுக்கப் பேரனின் படிப்பு மேசையை நகர்த்த வேண்டியிருக்கிறது. பேரன் முகத்தைத் தூக்கிக்கொள்கிறான். சட்டம் மாறியதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, மேசைதான் நகர்கிறது.

தரையில் அமர்ந்த காமிரா

ஓசுவின் படத்தை முதன்முறை பார்ப்பவருக்கு உடனே தெரிவது காமிராவின் உயரம். தரையில் 'தத்தாமி' பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கும் தாழ்வாக அது இருக்கும். பெரும்பாலும் நகராது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே விரும்பிப் பயன்படுத்தினார். பேசுகிறவர் ஏறக்குறைய நம்மைப் பார்த்தே பேசுவது போலிருக்கும். ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஆளில்லாத படங்கள் வரும்: புகைபோக்கி, கொடியில் உலரும் துணி, துறைமுகத்தில் ஊர்ந்துபோகும் படகு. இவை வெறும் அழகுக்காக வைத்தவை என்று நினைத்து அந்த நேரத்தில் காப்பி போட எழுந்து போகாதீர்கள். முன்காட்சியில் கேட்டதை நாம் அசைபோட அவர் கொடுக்கும் நேரம் அது.

இதைவிட முக்கியம், எதைக் காட்டாமல் விடுகிறார் என்பது. 1949-இல் வந்த 'பான்ஷுன்' (பின்வசந்தம்) படத்தை எடுத்துக்கொள்வோம். கசுவோ ஹிரோத்சுவின் 'தந்தையும் மகளும்' என்ற கதையைத் தழுவியது. திரைக்கதையை ஓசுவுடன் சேர்ந்து எழுதியவர் கோகோ நோடா. இனிவரும் படங்களிலும் இவரே கூட்டாளி. மனைவியை இழந்த பேராசிரியர், அவரைக் கவனித்துக்கொண்டு திருமணமே வேண்டாம் என்றிருக்கும் 27 வயது மகள். பெயர் நோரிகோ. நான் போய்விட்டால் அப்பாவை யார் பார்ப்பார்கள் என்பது அவள் கவலை. தாம் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகத் தந்தை ஒரு பொய் சொல்லி அவளைத் திருமணத்துக்குச் சம்மதிக்க வைக்கிறார்.

ஒரு நோ நாடக அரங்கில் தந்தையும் மகளும் அமர்ந்திருக்கிறார்கள். சற்றுத் தொலைவில் ஒரு விதவைப் பெண்மணி. தந்தை அவருக்குத் தலை வணங்குகிறார், அவரும் வணங்குகிறார். மகள் அதைப் பார்க்கிறாள். மேடையில் பாட்டு தொடர்ந்து கொண்டிருக்கிறது; இங்கே யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சிரித்துக்கொண்டே இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்வதுதான் காட்சி முழுதும். செட்சுகோ ஹாராவின் நடிப்பை அறிய விரும்புவோர் இந்தச் சில நிமிடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

திருமணம் படத்தில் இல்லை. மாப்பிள்ளையையும் நாம் பார்ப்பதேயில்லை! வாய்ப் பக்கம் கேரி கூப்பர் சாயல் என்று அத்தை வருணிப்பதோடு சரி. அவன் பெயர் 'குமதாரோ', அதில் 'குமா' என்றால் கரடி. கூப்பிடவே கூச்சமாக இருக்கிறதே என்று அத்தை அலுத்துக்கொள்வது கேட்டுச் சிரிக்கலாம். பிறகு ஒரு நாள் மணப்பெண் அலங்காரத்தில் மகள் தந்தை முன் மண்டியிட்டு விடைபெறுகிறாள். அடுத்து, அன்றிரவு தந்தை தனியே வீடு திரும்புகிறார். மேல்கோட்டைக் கழற்றிவிட்டு ஓர் ஆப்பிளை எடுத்துத் தோல் சீவுகிறார். நீளமாகச் சுருண்டு வந்த தோல் கீழே விழுகிறது. தலை குனிகிறது. கடலலை. படம் முடிகிறது.

அந்த இடத்தில் வாய்விட்டு அழும்படி ஓசு கேட்டதாகவும், தம்மால் அது முடியாது என்று நடிகர் சிஷு ர்யூ சொல்ல, ஓசு வற்புறுத்தாமல் விட்டுவிட்டதாகவும் பின்னாளில் ர்யூ நினைவுகூர்ந்திருக்கிறார். அழுதிருந்தால் நாமும் அழுதுவிட்டு மறந்திருப்போம்.

கெட்டவர் யார்?

மறுபடி 'டோக்கியோ கதை'க்கு வருவோம். பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடும் கதை எல்லா நாட்டுச் சினிமாவிலும் உண்டு. லியோ மெக்கேரி 1937-இல் எடுத்த ஓர் அமெரிக்கப் படத்திலிருந்தே இந்தப் படத்துக்கான தூண்டுதல் கிடைத்தது. நோடா அதைப் பார்த்திருந்தார். அதில் வங்கி வீட்டை எடுத்துக்கொள்கிறது, தாய் ஒரு பிள்ளையிடமும் தந்தை ஒரு பிள்ளையிடமுமாகப் பிரிக்கப்படுகிறார்கள். ஓசு அந்தக் கட்டாயத்தையெல்லாம் நீக்கிவிட்டார். இங்கே பெற்றோருக்குச் சொந்த வீடு இருக்கிறது. யாரும் யாரையும் துரத்துவதில்லை. வந்தவர்கள் சில நாளில் போகப் போகிறவர்கள்தாம். அப்படியும் மனம் நோகிறது என்றால் அது எங்கேயிருந்து வருகிறது?

சின்னச் சின்ன நியாயங்களிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவை வெளியே கூட்டிப்போகக் கோயிச்சி உடை மாற்றிக்கொண்டு நிற்கிறான். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வருகிறது. டாக்டர் போகாமல் இருக்க முடியுமா? ஷிகேயின் கணவன் மாமனார் மாமியாருக்கு நல்ல இனிப்பு வாங்கி வருகிறான். இவ்வளவு விலையில் எதற்கு என்று ஷிகே கடிந்துகொண்டு, தானே ஒன்றை எடுத்துச் சாப்பிடுகிறாள். இவர்கள் யார் என்று கடைக்கு வந்த வாடிக்கையாளர் கேட்டதற்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் தெரிந்தவர்கள் என்கிறாள். பிறகு அண்ணனும் தங்கையும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பெற்றோரை அடாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்புகிறார்கள். இங்கே வைத்து உபசரிப்பதைவிட அது மலிவு என்று ஷிகே கணக்கும் சொல்கிறாள். விடுதியில் இரவு முழுதும் சீட்டாட்டம் போன்ற மாஜோங் ஆட்டமும் கூச்சலும். தூங்காத கிழவரும் கிழவியும் மறுநாள் காலை கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து, ஊருக்குப் போய்விடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். எழுந்திருக்கும்போது தோமிக்குத் தலை சுற்றுகிறது. சரியாகத் தூங்காததுதான் என்கிறார் கணவர். நாமும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு நாள் முன்னதாகவே திரும்பி வந்தவர்களைக் கண்டு ஷிகேக்கு முகம் சுருங்குகிறது. அன்று மாலை அவள் வீட்டில் தொழில் சார்ந்த கூட்டம். அடாமி எப்படி இருந்தது என்று கேட்டால், நன்றாக இருந்தது என்கிறார்கள் இருவரும்.

முதன்முதலில் ஒரு பிலிம் சொசைட்டி திரையிடலில் இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஷிகே மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஹாருகோ சுகிமுரா என்ற நடிகையையே பிடிக்காமல் போய்விட்டது. பல ஆண்டுகள் கழித்து ஒரு மார்ச் மாதம், கும்பகோணத்திலிருந்து அம்மா தில்லிக்கு வந்திருந்தாள். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம், லீவு கேட்கவே முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்களுடன் டூரிஸ்ட் பஸ்ஸில் அவளை ஆக்ராவுக்கு அனுப்பினேன். தாஜ்மஹால் எப்படியம்மா இருந்தது என்று கேட்டேன். நன்றாக இருந்ததடா என்றாள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தபோது ஷிகேயைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஓசு ஷிகேக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறார், பார்ப்பவர்கள் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். தங்க இடமில்லாத அந்த இரவில் கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். கடைசியில் நாம் வீடற்றவர்களாகிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டேதான் பிரிகிறார்கள். தோமி மருமகள் நோரிகோவின் அறைக்குப் போகிறாள். ஷுகிச்சி பழைய நண்பர்களைப் பார்க்கப் போய், மூக்கு முட்டக் குடித்துவிட்டு, நள்ளிரவில் ஒரு நண்பருடன் மகள் வீட்டுக்கே வந்து சேர்கிறார். இரண்டு கிழவர்களும் அழகு நிலைய நாற்காலிகளில் சாய்ந்து கிடக்கிறார்கள். ஷிகே சீறுகிறாள். அப்போது கணவனிடம் அவள் சொல்வதைக் கவனிக்க வேண்டும். அப்பா முன்பெல்லாம் இப்படித்தான் குடித்துவிட்டு வருவார், அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும், கியோகோ பிறந்த பிறகுதான் நிறுத்தினார் என்கிறாள். ஒரே ஒரு முறை வரும் பேச்சு இது. சாந்தமே உருவான பெரியவருக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவள் இந்த மகள். தலையணை விஷயத்தில் மனைவி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பதும் இப்போது வேறு மாதிரித் தெரிகிறது.

பெற்றோருக்கும் குறை உண்டு என்பதைச் சாராயக் கடையிலேயே ஷுகிச்சி ஒப்புக்கொள்கிறார். டாக்டர் என்றால் பெரிய டாக்டர் என்று நினைத்து வந்தேன், இப்படி ஒரு மூலையில் இருக்கிறான் என்று தமக்கும் ஏமாற்றந்தான் என்கிறார். ஆனால் பெற்றோர் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோம் என்றும் சேர்த்துச் சொல்கிறார். திரும்பும் வழியில் ஒசாகாவில், உடல் தேறிய மனைவியுடன் உட்கார்ந்து பிள்ளைகளை எடைபோடுகிறார். முன்பு ஷிகே இதைவிட அன்பாக இருந்தாள், கோயிச்சியும் மாறிவிட்டான், ஆனாலும் நம் பிள்ளைகள் மற்றவர்களை விட மேல், நாம் கொடுத்துவைத்தவர்கள் என்று இருவரும் முடிவுக்கு வருகிறார்கள். சமாதானமா, உண்மையா? இரண்டும்தான் என்பது என் எண்ணம்.

விடியற்காலை

தாயின் நிலை மோசம் என்று தந்தி வருகிறது. துக்க உடையை எடுத்துக்கொள்ளலாமா என்று ஷிகே அண்ணனைக் கேட்கிறாள். அண்ணனும் சரி என்கிறான். நோரிகோ கொண்டுவரவில்லை. யார் செய்தது சரி? தேவைப்பட்டது உடைதானே!

ஒனோமிச்சி வீட்டில் இரவு. விடியும் வரை தாங்குவது கடினம் என்று டாக்டர் மகன் தந்தையிடம் சொல்கிறான். அப்படியா, அவ்வளவுதானா என்கிறார் தந்தை. அடுத்து துறைமுகம், வெறிச்சோடிய தெரு, ரயில் பாதை. வீட்டுக்குள் திரும்பும்போது தாயின் முகத்தை வெள்ளைத் துணி மூடியிருக்கிறது. மரணத்தை நாம் பார்க்கவில்லை. ஒசாகா மகன் கெய்சோ அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறான். தந்தையைக் காணோம் என்று தேடிப் போகும் நோரிகோ, வெளியே கல்விளக்குகளுக்கு அருகில் அவர் நிற்பதைப் பார்க்கிறாள். அருமையான விடியல் என்கிறார் அவர். இன்றைக்கும் வெயில் கடுமையாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடக்கிறார்.

என்னைக் கேட்டால் இந்தப் படத்தின் மையம் இந்த இடம்தான். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கூட வாழ்ந்தவள் சற்று முன் இறந்திருக்கிறாள். அவர் பேசுவது வெயிலைப் பற்றி. கல்நெஞ்சம் என்று சொல்வோமா? வேறு எதைப் பற்றிப் பேசினாலும் குரல் உடைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இதை நடித்த ர்யூவுக்கு அப்போது வயது 49 என்பது நம்ப முடியாத செய்தி.

சடங்கின் நடுவே கெய்சோ எழுந்து வெளியே வந்துவிடுகிறான். மரத்தாளத்தின் ஒவ்வோர் ஒலிக்கும் அம்மா சிறுத்துக்கொண்டே போவது போலிருக்கிறது என்கிறான். தாங்க முடியாத துக்கம். அன்றைக்கே அவன் ஒசாகாவுக்குத் திரும்பவும் வேண்டும். வேலை இருக்கிறது, பேஸ்பால் ஆட்டமும் இருக்கிறது. ஷிகே சாப்பாட்டின்போது கண்ணீர் விடுகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் இன்ன உடை எனக்கு நினைவாக வேண்டும் என்கிறாள். தந்தை எழுந்து போனதும், அப்பா முதலில் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொல்கிறாள். கண்ணீரும் பொய்யில்லை, உடை ஆசையும் பொய்யில்லை. காரிய வீடுகளில் உட்கார்ந்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது.

அதிர்ச்சி அடைகிறவள் கடைசி மகள் கியோகோ. பள்ளி ஆசிரியை, இளம் வயது. அண்ணனும் அக்காவும் உடனே கிளம்பிப் போனதைப் பொறுக்க முடியாமல் அண்ணி நோரிகோவிடம் குமுறுகிறாள். பிள்ளைகள் வளர்ந்தால் அவரவர் வாழ்க்கை என்று ஒன்று வந்துவிடுகிறது, நானும் அப்படி ஆகிவிடுவேன் என்கிறாள் நோரிகோ. வாழ்க்கை ஏமாற்றமாக இல்லையா என்று கேட்கிறாள் சின்னவள். ஆமாம் என்கிறாள் நோரிகோ, சிரித்துக்கொண்டே.

இதோடு நிறுத்தியிருந்தால் மருமகள் நல்லவள், பெற்ற பிள்ளைகள் கெட்டவர்கள் என்ற பாடமாகப் படம் முடிந்திருக்கும். ஓசு அதை அனுமதிக்கவில்லை. மாமனார் நோரிகோவுக்கு நன்றி சொல்கிறார். உன் அறையில் தங்கிய இரவுதான் டோக்கியோவிலேயே இனிமையானது என்று உன் மாமியார் சொன்னாள் என்கிறார். ஷோஜியை மறந்துவிட்டு வேறு திருமணம் செய்துகொள் என்கிறார். நீங்கள் நினைக்கிற அளவு நான் நல்லவள் இல்லை என்கிறாள் அவள். அவரை நினைக்காத நாட்களே இப்போது அதிகம், இப்படியே இருந்தால் என்ன ஆவேன் என்று இரவில் பயமாக இருக்கிறது, மனம் எதற்கோ காத்திருக்கிறது, நான் கபடக்காரி என்கிறாள். எல்லோரும் புகழ்ந்த அந்தச் சிரிப்பு அங்கே உடைந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். அடுத்துள்ள பள்ளியில் பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்கிறது. மாமனார் கொடுத்த, மாமியாரின் பழைய கடிகாரத்தை ரயிலில் கையில் வைத்துப் பார்த்தபடி போகிறாள்.

நல்லவளாகவே இருந்தாக வேண்டும் என்பதும் ஒரு சிறைதானே. அதிலிருந்து அவளை விடுவிப்பவர் மாமனார். உள்ளதைச் சொல்கிறாய், அது போதும் என்கிறார்.

கடைசியில் அதே சன்னல், அதே அடுத்த வீட்டு அம்மாள். உங்களுக்குத் தனிமையாக இருக்கும் என்கிறார். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் உயிரோடு இருக்கையில் இன்னும் அன்பாக நடந்திருப்பேன் என்கிறார் ஷுகிச்சி. தனியாக இருந்தால் நாள் திடீரென்று நீண்டுவிடுகிறது என்று சொல்லிவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து எதைப் பார்க்கலாம்

தம்மைச் சோயா தயிர்க்கட்டி செய்து விற்கும் தோஃபு வியாபாரிக்கு ஓசு ஒப்பிட்டுக்கொண்டதுண்டு. ஒரே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தார் என்று குறை சொல்பவர்களுக்கு அதுவே பதில். 1958-இல் வந்த 'ஹிகன்பனா' அவருடைய முதல் வண்ணப் படம். ஊரார் பிள்ளைகளின் காதலுக்கெல்லாம் பரிந்து பேசும் தந்தை, தம் மகள் மாப்பிள்ளையைத் தானே தேர்ந்தெடுத்தாள் என்றதும் முறுக்கிக்கொள்கிறார். கல்யாண வயதில் பெண் வைத்திருப்பவர்கள் வீட்டோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம். தந்தையர் சற்று நெளிய நேரலாம். கடைசிப் படமான 'சன்மா நோ அஜி' (சன்மா மீனின் சுவை) 1962-இல் வந்தது. மகள் திருமணம் முடிந்து நல்ல உடையில் ஒரு மதுக்கடைக்கு வரும் தந்தையிடம், சாவு வீட்டிலிருந்து வருகிறீர்களா என்று கடைக்காரப் பெண் கேட்கிறாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்கிறார் அவர்.

இதே வகையில் மிகியோ நருசே என்ற இன்னொரு பெரியவரும் உண்டு. அவர் 1952-இல் எடுத்த 'ஒகாசான்' (அம்மா), கணவனை இழந்து சலவைக் கடை நடத்தும் தாயின் கதை. நருசே படங்களில் பணம் வெளிப்படையாகவே எண்ணப்படும். அவரைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது இந்தப் படங்கள் ஆங்கில வசன வரிகளுடன் கிடைக்கின்றன. குழந்தைகளுடன் தொடங்குவதென்றால் 1959-இல் வந்த 'ஒஹாயோ' (காலை வணக்கம்) படத்திலிருந்து தொடங்குங்கள். டெலிவிஷன் பெட்டி வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கும் இரண்டு சிறுவர்களை, சும்மா பேசாமல் இருங்கள் என்று தந்தை அதட்டுகிறார். பெரியவர்கள்தாம் காலை வணக்கம், நல்ல வெயில், எங்கே போகிறீர்கள் என்று வீண்பேச்சுப் பேசுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவர்கள் வாய் திறக்காமல் மௌன வேலைநிறுத்தம் தொடங்குகிறார்கள். அடுத்த வீட்டு அம்மாள் வணக்கம் சொன்னாலும் பதில் இல்லை. அதிலிருந்து தெரு முழுக்கச் சண்டை.